சூட்டில் செயலிழந்த நொதி மறுபடியும் வேலை செய்யுமா?

"சூடு பட்டு நொதி செயலிழந்தால் அதோடு முடிந்தது, திரும்பாது என்று எங்கள் சார் சொல்கிறார், கைடிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிளஸ் டூ படிக்கிறீர்கள், நீட் எழுதப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். சார் சொல்வது பெரும்பாலும் சரி. அந்தப் 'பெரும்பாலும்' தெரியாத ஒருவரால்தான் எனக்கு வேலையே போகப் பார்த்தது.

எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் முடித்துவிட்டு, கொங்குப் பக்கம் ஒரு தனியார் பால் பிளான்ட் லேபில் இருந்தேன். அங்கே பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்குவார்கள். சூடு சரியாகப் பட்டதா என்று பார்க்க, கிருமியை வளர்த்து எண்ணிக்கொண்டிருந்தால் அதற்குள் பால் கடைக்கே போய்விடும். அதனால் பாலில் இயல்பாகவே இருக்கும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியைப் பார்ப்போம். காசநோய்க் கிருமியையும் கியூ காய்ச்சல் கிருமியையும் கொல்லத் தேவையான சூட்டைவிட, இதை அடக்கக் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும். இது அடங்கியிருந்தால் அவையும் செத்திருக்கும் என்று கணக்கு. நொதி மிச்சமிருந்தால் டெஸ்ட் ட்யூபில் மஞ்சள் நிறம் வரும். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு பச்சைப் பால் கலந்திருந்தாலே காட்டிக்கொடுத்துவிடும்.

க்ரீமுக்கு 80 டிகிரிக்கு மேலேயே சூடு வைப்போம். ஒரு நாள் ராத்திரி ஓட்டிய க்ரீமில் என் டெஸ்டில் நிறமே இல்லை, எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் சாயங்காலம் அதை வாங்கிய ஐஸ்கிரீம் கம்பெனியிலிருந்து போன்: பாஸ்பட்டேஸ் இருக்கிறது, சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் நேராக லேபுக்கு வந்தார். "டெஸ்டே பண்ணாம ரிப்போர்ட் எழுதிட்டு தூங்கியிருக்க." சூடாக்கும் மிஷினான பாஸ்ச்சரைசரை ஓட்டிய அண்ணனுக்கு இன்னும் மோசமான அர்ச்சனை. பச்சை க்ரீமைக் கலந்துவிட்டார் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த அண்ணன் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை.

ரெக்கார்டர் சார்ட்டை எடுத்து வந்து விரித்தேன். சூடு ஓர் இடத்தில்கூட இறங்கவில்லை. ஆனால் அன்று விடியற்காலையில் சில்லர் நின்றுபோய், கேன்கள் வெதுவெதுப்பாகவே கிடந்திருக்கின்றன. அங்கேதான் எனக்குப் பொறிதட்டியது. சாம்பிளை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் மெக்னீசியம் உப்புச் சேர்த்து, இரண்டையும் 34 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். பிறகு மெக்னீசியம் சேர்த்ததை, கொதிக்கவைத்து நொதியை ஒழித்த க்ரீமால் ஆறு மடங்கு நீர்க்கச் செய்து, இரண்டுக்கும் டெஸ்ட் போட்டேன். பச்சை க்ரீம் கலந்ததால் வந்த நொதி என்றால், மெக்னீசியம் சேர்க்காததைவிட நீர்த்ததில் நிறம் குறைய வேண்டும். குறையவில்லை, கூடியிருந்தது. அதாவது அடங்கிய நொதிதான் மீண்டும் எழுந்திருக்கிறது. மேனேஜர் பார்த்துவிட்டு, "சரி, மொதல்ல சில்லர ரிப்பேர் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அண்ணனிடம் ஒரு வார்த்தை? ம்ஹூம்.

ஏன் இப்படி ஆகிறது? இந்த நொதி இரண்டு புரதச் சங்கிலிகள் சேர்ந்தது, உள்ளே துத்தநாகமும் மெக்னீசியமும் உட்கார்ந்திருக்கும். கடும் சூடு கொஞ்ச நேரமே பட்டால் மடிப்புக் கலைகிறது, ஆனால் சங்கிலி அறுவதில்லை. கலைந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருந்தால், வெதுவெதுப்பும் உலோகமும் கிடைத்ததும் அதில் கொஞ்சம் பழையபடி மடிந்துகொள்ளும். 63 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிய பாலில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. க்ரீமில்தான் அதிகம். வெந்த முட்டை வெள்ளைக்கரு திரும்பாததற்குக் காரணம் அது ஒட்டிக் கட்டியாகிவிட்டது என்பதே. ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை யூரியாவால் முழுக்கக் கலைத்துவிட்டு, யூரியாவை நீக்கியதும் அது தானே மடிந்து வேலை செய்வதைக் காட்டிய ஆன்ஃபின்சன் என்ற விஞ்ஞானிக்கு 1972-இல் நோபல் பரிசில் பங்கு கொடுத்தார்கள். எனவே இது என் சொந்தச் சரக்கு இல்லை.

சூடு மட்டும்தான் என்றும் இல்லை. ஐபுபுரூஃபன் ஒரு நொதியின் வாசலில் போய் உட்காரும், ரத்தத்தில் அளவு குறைந்ததும் எழுந்து போய்விடும். ஆஸ்பிரின் அதே நொதியில் ஒரு அசிட்டைல் தொகுதியை நிரந்தரமாக ஒட்டிவிடும். ரத்தத் தட்டணுவால் புது நொதி செய்ய முடியாது, அதனால் அந்த அணு சாகும்வரை அப்படியேதான்.

உடனே யாராவது வந்து "அப்போ பாக்கெட் பாலில் கிருமியும் எழுந்து வருமா" என்பார்கள். வராது. நொதி வெறும் புரதம், செத்த கிருமி செத்ததுதான். எல்லா நொதியும் திரும்பும் என்றும் நான் சொல்லவில்லை. பரீட்சையில் கைடில் இருப்பதையே எழுதுங்கள், மார்க் முக்கியம்.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இத்தனையும் படித்துச் செய்த எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்ள பால்காரரா?" என்று கேட்டார்கள். பால்காரர் என்றால் கேவலமா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே பரிமாறிய காபியிலும் எங்கள் பிளான்ட் பால்தான்.

பாக்கெட் பாலில் என்ன கெமிக்கல் கலக்கிறார்கள் என்பவர்கள் தயவுசெய்து தனிக் கேள்வியாகப் போடுங்கள், இதன் கீழே வேண்டாம்.