இலங்கை பற்றி ப்ராஜெக்ட்: எங்கே தொடங்குவது?

கேள்வி: எட்டாவது படிக்கும் மகளுக்கு இலங்கையின் வரலாறும் அரசாங்கமும் ப்ராஜெக்ட்டுங்க. கடையில் சார்ட் வாங்கி ஒட்டினால் போதுங்களா?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: சார்ட் அட்டைக்குத்தானுங்க ஆகும். முதலில் நாலே ஆண்டுகளை எழுதச் சொல்லுங்கள்: 1505 போர்த்துகீசியர் வருகை, 1948 பிப்ரவரி 4 சுதந்திரம், 1972 சிலோன் என்ற பெயர் போய்க் குடியரசானது, 1978 அதிபருக்கு நிறைவேற்று அதிகாரம் (ஆட்சியை நடத்தும் அதிகாரம்) தந்த அரசியலமைப்பு. மற்றதெல்லாம் இவற்றின் நடுவே வந்து உட்காரும்.

அரசாங்கப் பகுதிக்கு அரசியலமைப்பையே பார்க்கலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழி என்பதால் தமிழிலேயே கிடைக்கிறது. இந்த வசதி எல்லா நாட்டுக்கும் வாய்க்காது. நாம் அதிபர் என்பதை அவர்கள் ஜனாதிபதி என்பார்கள், நாடாளுமன்றத்தைப் பாராளுமன்றம் என்பார்கள். ஏதாவது ஒன்றையே கடைசிவரை எழுதட்டும்.

பிசகுவது எண்களில்தான். நிர்வாக மாவட்டம் 25, தேர்தல் மாவட்டம் 22. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் ஒரே தேர்தல் மாவட்டம்; மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது வன்னி. பாராளுமன்ற உறுப்பினர் 225 பேரில் 196 பேர் தேர்தல் மாவட்டங்களிலிருந்து, 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்து (நாடு முழுக்க வாங்கிய வாக்குக்கு ஏற்பக் கட்சிகளுக்குக் கிடைக்கும் இடங்கள்).

ஈரோடு மாவட்ட மைய நூலகத்துக்குப் போனால், புத்தகம் அச்சான ஆண்டை முதலில் பாருங்கள். 2015க்கு முந்தையது என்றால் ஜனாதிபதி பதவிக்காலம் 6 ஆண்டு என்றிருக்கும். அரசியலமைப்பின் 19ஆம் திருத்தத்துக்குப் பின் அது 5. தலைநகரம் கொழும்பு என்று மட்டும் எழுதினாலும் மார்க் போய்விடும். பாராளுமன்றம் இருப்பது ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில்.