ஈஆர்ஜி11 சரியாக இருந்தும் ஃபுளுக்கோனசோல் ஏன் வேலை செய்யவில்லை?

நோயாளியின் சிறுநீரிலிருந்து எடுத்த கேண்டிடா கிளாப்ராட்டா என்ற ஈஸ்டுக்கு, ஃபுளுக்கோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தின் எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த செறிவு) மில்லிலிட்டருக்கு 64 மைக்ரோகிராம் என உயர்வாக வந்தும், மருந்து பற்றும் நொதியை உருவாக்கும் ஈஆர்ஜி11 மரபணுவில் ஒரு பிறழ்வுகூட இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வரிசைமுறையில் பிழை இருக்க வேண்டியதில்லை. தேடிய இடம்தான் வேறு.

கேண்டிடா ஆல்பிகன்ஸிலும் ஆரிஸிலும் மருந்து பற்றும் நொதியையே மாற்றிவிடும் ஈஆர்ஜி11 பிறழ்வுகள் அடிக்கடி காணப்படுகின்றன. கிளாப்ராட்டாவிலோ அவை அரிது. அதில் பெரும்பாலும் மாறுவது பிடிஆர்1 என்ற கட்டுப்பாட்டு மரபணு. அதில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே அந்தப் புரதம் ஓயாமல் இயங்கி, சிடிஆர்1 முதலிய வெளியேற்றப் பம்புகளைப் பெருக்கி, உள்ளே வந்த மருந்தை வந்த வேகத்திலேயே வெளியே தள்ளிவிடும். இந்த ஈஸ்ட் ஒற்றைமடியம் (ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரே பிரதி கொண்டது) என்பதால் ஈடுகட்ட இரண்டாவது பிரதியும் கிடையாது.

1. பிடிஆர்1 முழுவதையும் வரிசைப்படுத்துங்கள். பிறழ்வுகள் 1100க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களில் பரவலாக வருவதால், ஒரு துண்டை மட்டும் பார்ப்பது வீண்.

2. அதற்கு முன், செலவில்லாத ஒரு சோதனை: கிளிசரால் மட்டுமே கரிம மூலமாக உள்ள தட்டில் கோடிடுங்கள். குளுக்கோஸில் சிறுசிறு காலனிகளாக வளர்ந்து கிளிசராலில் வளராவிட்டால், அது மைட்டோகாண்ட்ரியச் செயலை இழந்த வகை. அதிலும் இதே பம்புகள் பெருகும்.

ஆனால் பிடிஆர்1-இல் கண்ட மாற்றமெல்லாம் எதிர்ப்புக்குக் காரணமாகிவிடாது. மருந்துக்குக் கட்டுப்படும் வகைகளிலும் இயல்பான வேறுபாடுகள் உண்டு. அதே நோயாளியின் பழைய மாதிரி உறைபெட்டியில் இருந்தால், அதனுடன் ஒப்பிட்ட பிறகே முடிவு எழுதுங்கள்.