தொட்டியில் தண்ணீர் இறங்குகிறது, ஈ.சி. ஏறுகிறது: எதை ஊற்றுவது?

கேள்வி: 40 லிட்டர் ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாமல் உரக் கரைசலில் வளர்க்கும் முறை) தொட்டியில் லெட்டூஸ் வளர்க்கிறேன். ஈ.சி. (கரைந்த உர உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், mS/cm கணக்கில்) 1.4-ல் தொடங்கினேன். தண்ணீர் 30 லிட்டருக்கு இறங்கியபின் மீட்டர் 1.8 காட்டுகிறது. மீட்டர் பழுதா, புதிது வாங்கவா? உரப் பாட்டிலிலோ வாரம் ஒருமுறை உரம் சேர்க்கச் சொல்லியிருக்கிறது.

பதில்: மீட்டர் சரியாகத்தான் சொல்கிறது. செடி உப்பைவிடத் தண்ணீரை அதிகம் குடித்திருக்கிறது. ஆவியாகிப் போவதும் வெறும் தண்ணீரே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். இந்த நிலையில் பாட்டிலின் பேச்சைக் கேட்டு உரம் ஊற்றினால் இலை ஓரம் கருகும்.

நீர்மட்டத்தையும் ஈ.சி.யையும் சேர்த்தே பாருங்கள். மட்டம் இறங்கி ஈ.சி. ஏறினால் வெறும் தண்ணீர் போதும். இரண்டும் இறங்கினால் உரம் வேண்டும். மட்டம் மட்டும் இறங்கினால், அதே 1.4 அளவில் கலந்த கரைசலை ஊற்றலாம்.

உங்கள் கணக்கு இது: 30 × 1.8 = 54. அதை 1.4-ஆல் வகுத்தால் 38.6 லிட்டர்; அவ்வளவு கரைசல் இருந்தால் ஈ.சி. 1.4 ஆகும். உப்பு ஏறக்குறைய இல்லாத ஆர்.ஓ. தண்ணீர் என்றால் எட்டரை லிட்டர் ஊற்றினாலே 1.4 வந்துவிடும். குழாய்த் தண்ணீருக்கே 0.3 ஈ.சி. இருந்தால் கிட்டத்தட்ட 11 லிட்டர் தேவை. தொட்டியில் அவ்வளவு இடமில்லை. 10 லிட்டரோடு நிறுத்துங்கள், 1.43-ல் நிற்கும். லெட்டூஸுக்கு அந்த வித்தியாசம் பொருட்டல்ல.

மீட்டர் மீது இன்னும் சந்தேகமா? புதிது வாங்குமுன் முனையைக் கழுவி, ஈ.சி. 1.413 என்று அளவு தெரிந்த சோதனைக் கரைசலில் 25 டிகிரியில் சோதியுங்கள்.

கேள்வி: வாங்குவதென்றால் டி.டி.எஸ். (கரைந்த பொருள்களின் மொத்த அளவு) மீட்டரா, ஈ.சி. மீட்டரா?

பதில்: ஈ.சி.யை நேரடியாகக் காட்டுவதை, வெப்பநிலையைத் தானே ஈடுசெய்வதை வாங்குங்கள். டி.டி.எஸ். மீட்டரும் அளப்பது ஈ.சி.யைத்தான், அதை 500-ஆலோ 700-ஆலோ பெருக்கி பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று காட்டுகிறது. அதே 1.4 ஒரு மீட்டரில் 700, இன்னொன்றில் 980. எந்த அளவுகோல் என்று பெட்டியில் போடாத மீட்டரை எடுக்காதீர்கள்.

பி.ஹெச். (அமில-காரத் தன்மை) மீட்டர் தனியாக வேண்டும்; 5.5-க்கும் 6.5-க்கும் இடையே வைத்திருங்கள். முனை காய்ந்தாலும், காய்ச்சி வடித்த நீரில் ஊறினாலும் கெடும். அதற்கான சேமிப்புக் கரைசலையும் சேர்த்தே வாங்குங்கள்.

கேள்வி: ஈ.சி. சரியாக இருந்தும் இலை வெளுக்கிறது. இன்னொரு உரம் வாங்கலாமா?

பதில்: முதலில் பி.ஹெச். பாருங்கள்; அது ஏறியிருந்தால் இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலைதான் முதலில் மஞ்சளாகும். அடுத்து, கரைசல் எவ்வளவு பழையது? ஈ.சி. மொத்த உப்பை மட்டுமே காட்டும். நைட்ரேட்டும் பொட்டாசியமும் சீக்கிரம் தீர்ந்து, சோடியமும் சல்பேட்டும் தேங்கியிருந்தாலும் எண் அதேதான். இதுவரை நிரப்பிய தண்ணீர் மொத்தம் தொட்டியின் கொள்ளளவை எட்டினால் முழுவதையும் மாற்றிவிடுவது நல்லது. அப்படி எடுத்த பழைய கரைசல் தோட்டத்து மண்ணுக்கு உதவும்.

புதிதாகக் கலக்கும்போது தண்ணீர் முதலில், பிறகு (இரண்டு பாட்டில்களாக வரும் உரத்தில்) 'ஏ', நன்றாகக் கலக்கியபின் 'பி', கடைசியில் பி.ஹெச். திருத்தம். 'ஏ'வையும் 'பி'யையும் நேரடியாகச் சேர்த்தால் கால்சியம், சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் கூடி வெள்ளையாகப் படிந்துவிடும். படிந்தது செடிக்குச் சேராது. யூரியா கலந்த மண் உரம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்: யூரியா மின்சாரத்தைக் கடத்தாது, எவ்வளவு போட்டாலும் ஈ.சி.யில் தெரியாது.