பழைய யூத சமய நூல்களைச் சேகரிப்போர் முன்னாள் உடைமையாளர்களை ஏன் தேடுகிறார்கள்?

ஒரு நூல் யார் யாரிடம் கைமாறி வந்தது என்ற தொடர்ச்சியே அதன் உடைமை வரலாறு. வீடு வாங்குவோர் மூலப்பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்பது போன்றதே இத்தேடல். 1553இல் ரோமில், யூதச் சமயச் சட்டங்களும் விளக்கங்களும் அடங்கிய தல்மூத் என்ற நூலின் பிரதிகள் எரிக்கப்பட்டன. பின்னர் இத்தாலியத் தணிக்கையாளர்கள் எபிரேய நூல்களில் தாங்கள் விரும்பாத வரிகளை மையால் அழித்து, பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் கையொப்பமும் ஆண்டும் இட்டதால், அந்நூல் எக்காலத்தில் எந்தப் பகுதியில் இருந்தது என்பதை, ஒடுக்கியவர் கையெழுத்திலேயே, இன்று அறிய முடிகிறது. நாஜிகள் கொள்ளையிட்ட நூல்களை 1946 முதல் ஜெர்மனியின் ஒஃபன்பாக் கிடங்கில் பிரித்துத் திருப்பி அனுப்பியோருக்கும் நூலக முத்திரைகளே வழிகாட்டின; ஆகவே முத்திரை சுரண்டப்பட்ட பிரதியை ஐயுறுவதே முறை. பக்க ஓரக் கிறுக்கல்கள் மதிப்பைக் குறைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர்; அவை புகழ்பெற்ற ரபி (யூத சமய குரு) ஒருவரின் குறிப்புகளாக இருந்தால் விலை உயரவே செய்யும்.