சுற்றுச்சூழலை முதன்மைப் பாடமாகப் படிக்கலாமா?

"பிளஸ் டூ முடித்துவிட்டேன். சுற்றுச்சூழலை முதன்மைப் பாடமாக எடுக்க ஆசை. ஆனால் வேதியியல், புவியியல், சட்டம், பொருளாதாரம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் வரும், எதிலும் ஆழம் இருக்காது என்று வீட்டில் சொல்கிறார்கள். சேரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் தருமபுரி மாவட்டம்தான், பென்னாகரம் பக்கம். அந்தப் படிப்பைப் படித்துவிட்டுத் தண்ணீர் சம்பந்தமான வேலையில் இருக்கிறேன். தாராளமாகச் சேருங்கள். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

எல்லாத் துறையும் ஏன் வேண்டும் என்பதற்கு நம் ஊர்த் தண்ணீரே போதும். நம் மாவட்டத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பல்லில் காரை படிந்த பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்பது எல்லோருக்கும் தெரியும். அது எங்கிருந்து வருகிறது? நம் காலடியில் இருப்பது கிரானைட், நைஸ் போன்ற கடினப்பாறை. அதில் உள்ள ஃபுளோரைட், அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு மெல்ல மெல்ல நீரில் கரைகிறது. இது புவியியல். எல்லா இடத்திலும் ஒரே அளவாகவும் கரைவதில்லை. கால்சியம் குறைவாகவும் காரத்தன்மை அதிகமாகவும் இருக்கிற தண்ணீரில்தான் அதிகமாகக் கரையும். இது வேதியியல்.

இங்கேதான் சிக்கல். கால்சியம் குறைந்த தண்ணீர் வாய்க்கு நன்றாக இருக்கும், பருப்பும் சீக்கிரம் வேகும். ஃபுளோரைடுக்கு நிறமோ மணமோ ருசியோ கிடையாது. ஒரு கிராமத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் களப்பெட்டி (ஊரிலேயே வைத்துச் சோதிக்கும் பெட்டி) வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தோம். அதில் இருக்கிற கரைசல் இளஞ்சிவப்பாக இருக்கும். ஃபுளோரைடு கூடக் கூட வெளுத்து மஞ்சளாகும். குப்பியில் நிறம் நன்றாகவே மஞ்சளாகிவிட்டது. பக்கத்தில் குடத்தோடு நின்ற அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இதுலதாங்க பருப்பு வேகுது. ஒகேனக்கல் தண்ணி மருந்து வாடை அடிக்குது, டீக்கு ஆவாது" என்றார். அந்த ஊரில் குழாயில் ஒகேனக்கல்லிலிருந்து ஃபுளோரைடு குறைந்த காவிரித் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. வேதியியல் மட்டும் படித்தவர் அளவை எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த அக்கா எந்தத் தண்ணீரில் சமைக்கிறார், முறை வைத்து வருகிற குழாய்த் தண்ணீர் அவர் வயலுக்குப் போகிற நேரத்தில் வருகிறதா, காய்ச்சினால் ஃபுளோரைடு போய்விடும் என்று நம்புகிறாரா என்றெல்லாம் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேண்டும். (காய்ச்சினால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.)

இன்னும் இருக்கிறது. மழையும் திறந்த கிணறும் நம்பியிருந்த ஊர்கள் ஏன் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போயின? மின்மோட்டார் வந்தது, 1990 முதல் விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது, நிலத்தடி நீர்மட்டம் கீழே கீழே போனது. விவசாயியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, வறண்ட மாவட்டத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் இது பொருளாதாரமும் அரசுக் கொள்கையும் சம்பந்தப்பட்ட விஷயம். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் ஃபுளோரைடின் பாதிப்பு கூடும். கேழ்வரகில் கால்சியம் மிக அதிகம். நம் வீடுகளில் களி இருந்த இடத்தில் அரிசிச்சோறு வந்துவிட்டது. இது ஊட்டச்சத்து. பாதிப்பு பல்லோடு நிற்பதும் இல்லை, பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தரநிர்ணயம். அப்புறம் அரசியல். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு நடந்தது. 2008ல் அடிக்கல் நாட்டினார்கள், கர்நாடகத்தில் அப்போது பெரிய எதிர்ப்பு, 2013ல்தான் திறந்தார்கள். இதில் எந்த ஒரு துறையைக் கழற்றிவிட்டாலும் பல்லில் காரை ஏன் இன்னும் இருக்கிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

ஓசூர் பக்கம் போனால் கெலவரப்பள்ளி அணை. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்து வருகிறது. தண்ணீர் திறந்துவிடும்போது வெள்ளை நுரை மலைபோல் எழும்பி வயலோரம் வரை பறக்கிறது. சோப்பு, சலவைத்தூள் ரசாயனம் பற்றி மட்டும் தெரிந்தால் போதாது. நீர் மாசைத் தடுக்கும் 1974 தண்ணீர்ச் சட்டம் என்ன சொல்கிறது, மாநில எல்லையைத் தாண்டி வரும் மாசுக்கு யாரைக் கேட்பது என்பதும் தெரிய வேண்டும்.

இப்போது அந்த நிபந்தனை. வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் மேலோட்டமாகப் படித்து முடித்தவரை யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். முதல் வருடம் முடிவதற்குள் ஒரு துறையைப் பிடித்துக்கொண்டு அதில் ஆழமாகப் போய்விடுங்கள். தண்ணீர், மண் பரிசோதனை செய்யும் ஆய்வகவேலை, வரைபடவேலை, புள்ளியியல், சட்டம், எதுவாகவும் இருக்கலாம். எனக்குப் பிடித்தது நீர் வேதியியல். வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, கல்லூரி கற்றுத்தராவிட்டாலும் விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை செய்ய நினைத்தால் கன்னடமும் தெலுங்கும் பேசப் பழகுங்கள். ராகிக்கொல்லையில் யானை இறங்கிய கதையை அந்த விவசாயி தன் வீட்டு மொழியில் சொல்லும்போதுதான் முழுதாகச் சொல்வார்.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உதவிப் பொறியாளர் பணிக்குப் பொறியியல் பட்டம் வேண்டும், பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அதற்கு ஆகாது. அந்தக் கனவு இருந்தால் இப்போதே பொறியியல் பக்கம் போங்கள். மற்றபடி, மத்திய அரசின் 2006 அறிவிக்கைப்படி பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்பதால் அதைச் செய்து தரும் ஆலோசனை நிறுவனங்கள், தொழிற்சாலைகளின் சுற்றுச்சூழல் பிரிவு, ஆய்வகம், தொண்டு நிறுவனம், ஆராய்ச்சி என்று வழிகள் உண்டு. பெரும்பாலும் முதுகலையும் படிக்க வேண்டியிருக்கும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியாரிலும் இருக்கிறது. ஆரம்பச் சம்பளம் கணினித் துறை அளவுக்கு வராது. வீட்டில் கடன் நெருக்கடி இருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எல்லாப் பட்டப் படிப்பிலும் ஒரு பருவத்துக்குச் சுற்றுச்சூழல் தாள் கட்டாயமாக இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1991ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் விளைவு அது. பலர் அதைக் கடைசி நாளில் மனப்பாடம் செய்து எழுதித் தள்ளுவதைப் பார்த்துவிட்டு, முதன்மைப் பாடமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

சேரும் முன் கல்லூரியில் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். களப்பணி ஒவ்வொரு வருடமும் இருக்கிறதா, ஆய்வகம் நிஜமாகவே இயங்குகிறதா, பாடம் எடுப்பவர்கள் வேறு வேறு துறையிலிருந்து வந்தவர்களா என்று மூன்றாம் வருட மாணவர்களிடம் கேளுங்கள். களப்பணி என்ற பெயரில் வருடத்துக்கு ஒருமுறை ஏற்காடு சுற்றுலா போகிற கல்லூரி வேண்டாம். அப்பாவுக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், அவரிடம் நானே பேசுகிறேன்.