ஸ்லீவ் சிகிச்சைக்குப் பின் எந்த எடை இலக்கு?

கேள்வி: இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து 8 மாதம். 108 கிலோ, 84 ஆகிவிட்டது. உயரம் 160 செ.மீ. பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) அட்டவணைப்படி 58க்கு வர முடியுமா? – வாசகி, தெம்பனிஸ்

பதில்: 58ஐ மறந்துவிடுங்கள், அம்மா. ஆசியர்களுக்கான 23க்குக் குறைந்த பிஎம்ஐ அளவு நோய் அபாயத்தைக் கணிக்கத்தான். சிகிச்சையின் இலக்கு அல்ல. ஸ்லீவில் பெரும்பாலோருக்கு ஆரம்ப எடையில் 25 முதல் 30 சதவீதம் குறையும். உங்களுக்கு அது 27–32 கிலோ. ஆக, 76 முதல் 81 வரை. ஒற்றை எண் வேண்டாம், இந்த வரம்பே போதும். 12–18 மாதத்தில் எடை நின்றுவிடும், பிறகு சில கிலோ ஏறுவதும் இயல்பே. பயந்து பட்டினி கிடந்தால் தசைதான் கரையும், முடி கொட்டும். புரதம் தினம் 60 கிராமுக்குக் குறையக்கூடாது. சீனி போட்ட தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) சுருங்கிய இரைப்பையிலும் தடையின்றி இறங்கும். எடை திரும்ப ஏற அதுவும் ஒரு காரணம். சர்க்கரை, ரத்த அழுத்த அளவுகளையும் எடையோடு சேர்த்தே குறித்து வாருங்கள்.