சொந்தப் பணத்தில் விமானி ஆக நினைப்பவருக்குத் திறனறித் தேர்வு அவசியமா?

சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் எழுதிவிடுங்கள். விமான நிறுவனம் செலவழித்தால் தன் பணத்தைக் காக்கக் கறாராக வடிகட்டும். கட்டணத்தை நீங்களே கட்டினால், உங்களை நிராகரிப்பதால் விமானப் பயிற்சிப் பள்ளிக்குத்தான் நஷ்டம். அதனால் பள்ளியே நடத்தும் தேர்வை நான் அவ்வளவாக நம்புவதில்லை; வெளியாரிடம் எழுதுவது மேல்.

கைக்கும் கண்ணுக்கும் உள்ள ஒத்திசைவு, மனக்கணக்கு, திசையுணர்வு ஆகியவற்றைச் சோதிப்பார்கள். ஜாய்ஸ்டிக்கால் குறியைப் பின்தொடர்ந்தபடியே காதில் விழும் எண்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பலர் திணறுவது இங்கேதான்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ விமானப்படை, விமானி ஆக வந்தவர்களுக்கு இத்தகைய தேர்வு வைத்து 1 முதல் 9 வரை மதிப்பெண் வழங்கியது. அடிமட்ட மதிப்பெண்காரர்களில் பெரும்பாலோர் பயிற்சியை முடிக்கவில்லை. ஆனால், நல்ல மதிப்பெண் வேலைக்கு உத்தரவாதமல்ல. முன்பணம் கட்டுமுன் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழையும் (தொழில்முறை விமானிக்கான உடல்தகுதிச் சான்று) வாங்கிவிடுங்கள்.